ரெஜினா வீட்டு வாசல் மரமல்லி

காலை ஆறு மணி இருக்கும். பாலை அடுப்பில் வைத்த கையோடு போன் அடித்தது. எடுத்தால் நான்கு வீடு தள்ளியிருக்கும் ஆரோக்கியசாமி அண்ணன். அவர் எனக்குப் போன் செய்வது அதுதான் முதல் தடவை. கண் பார்வை போனவர். அவசரத்துக்கு ஆகட்டும் என்று, பட்டன் போனில் மூன்றை அழுத்தினால் எனக்கு வரும்படி அவர் மனைவி ரெஜினா செய்து வைத்திருந்தாள். "சிஸ்டர், ரெஜினா எந்திரிக்க மாட்டேங்கறா. கையப் புடிச்சுப் பாத்தனுங்க, சில்லுனு இருக்குது. ஒருக்கா வந்து பாருங்க" என்றார். குரல் பதறவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. என் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

போட்டிருந்த நைட்டி மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு ஓடினேன். அறுபத்தாறு வயதில் ஓட்டம் என்ன ஓட்டம், காலை இழுத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் நர்ஸாக இருந்தவளுக்கு அறை வாசலில் நின்றாலே தெரியும். ஆனாலும் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன், இமையைத் தூக்கிப் பார்த்தேன். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது. "போயிட்டாங்கண்ணா" என்றேன். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "சரிங்க" என்றார். நான் வெளியே வந்து கேட்டைப் பிடித்தபடி நின்றேன். அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வாரமாகத் தள்ளிக்கொண்டே வந்திருந்தேன்.

எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் ஓய்வுபெற்ற நர்ஸ்கள் நடத்தும் மடலுக்கு ரெஜினாவைப் பற்றி எழுதச் சொன்னார்கள். "ரெண்டு பக்கம், மனசுக்கு இதமா இருக்கட்டும் வசந்தா சிஸ்டர்" என்று கேட்டுக்கொண்டார்கள். இதமாக எழுத எனக்கு வராது. எனக்கு வயிறு எரிகிறது. போடுவதென்றால் இப்படியே போடுங்கள். போடாவிட்டாலும் போகட்டும், எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் நானே போட்டுக்கொள்கிறேன். படிக்க வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

மடல்காரர்களுக்கு ரெஜினாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெருக்காரர்களுக்குச் சொல்கிறேன், உங்களுக்கு அவளைச் சேலை கட்டிக் காய்கறி வாங்கும் பெண்பிள்ளையாக மட்டும்தான் தெரியும். தமிழ்நாட்டு எல்லை ஓரத்து மார்டள்ளியிலிருந்து இருபது வயதில் நர்ஸ் படிப்புக்கு மைசூருக்கு வந்தவள். நான் இங்கேயே பிறந்து வளர்ந்த ரயில்வே குடும்பம். அவள் பேச்சைக் கேட்டு நாங்கள் ஹாஸ்டலில் சிரித்திருக்கிறோம். ஆளைத் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவாள். ஒரு தடவை வார்டில் ஒரு இளம் டாக்டர், நோயாளிக்குப் பொட்டாசியம் ஊசியை அப்படியே நரம்பில் ஏற்றச் சொல்லிவிட்டு நடந்துகொண்டிருந்தார். கலக்காமல் ஏற்றினால் அந்த இடத்திலேயே ஆள் காலி. ரெஜினா பின்னாலேயே போய் நோட்டை நீட்டினாள். "டாக்டர், எழுதிக் குடுத்துப்போடுங்க. எழுதினத ஒருக்கா வாய் விட்டுப் படிங்க" என்றாள். அவர் எழுதினார், படித்தார், பாதியில் நிறுத்தினார். முகம் வெளுத்துவிட்டது. அவள் நோட்டை வாங்கிக்கொண்டு, "திருத்திக் குடுங்க, நானே போடறனுங்க" என்றாள். இதை அவள் யாரிடமும் சொல்லிக்காட்டவில்லை. பக்கத்தில் நான் நின்றிருந்ததால் தெரியும்.

மருந்தை மூன்று தடவை படிக்க வேண்டும் என்பது எல்லா நர்ஸுக்கும் சொல்லித் தருவதுதான். அலமாரியிலிருந்து எடுக்கும்போது, ஊசியில் ஏற்றும்போது, போடுவதற்கு முன்னால். எங்களில் பாதிப் பேர் இரண்டோடு நிறுத்திக்கொள்வோம். ரெஜினா மூன்றாவதையும் உதடு அசைத்துப் படிப்பாள். ஓய்வு பெற்ற பிறகு கேஸ் சிலிண்டர் ரசீதைக்கூட அப்படித்தான் படித்தாள். "படிக்காம ஒண்ணு செஞ்சா கை கூசோணுமுங்க" என்பாள்.

அவள் கொள்ளேகாலத்தில் கன்னட மீடியம் படித்தவள். எனக்கு அது கிடையாது. இந்த ஊரிலேயே பிறந்து, ஆட்டோக்காரரோடும் காய்காரரோடும் கன்னடத்தில் சண்டை போட்டு ஜெயிப்பேன். எழுத்தைக் காட்டினால் பஸ் போர்டைத் தாண்டி எனக்கு ஓடாது. கான்வென்டில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ், ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் இங்கிலீஷ் என்று காலம் ஓடிவிட்டது. எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு, ஏழு தமிழ்க் குடும்பம், அதில் என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் இதே கதைதான். வெட்கக்கேடு, ஆனால் நிஜம். அதனால் மின்சாரக் கடிதமோ மாநகராட்சிக் காகிதமோ எது வந்தாலும் ரெஜினா வீட்டுக்கு எடுத்துப் போவோம். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழில் சொல்வாள். அவள் படித்துச் சொல்லாமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டது கிடையாது. ஒரே ஒரு தடவையைத் தவிர.

இனி மரத்துக்கு வருகிறேன். ரெஜினா வீட்டு கேட்டுக்கு நேராக, அவள் பக்கத்து நடைபாதை ஓரத்தில், மூன்று மாடி உயரத்துக்கு ஒரு மரமல்லி நின்றது. இங்கே ஆகாச மல்லிகே என்பார்கள். அதை ரெஜினா நடவில்லை, அவர்கள் வீடு வாங்கியபோதே இருந்தது. மழைக்காலம் முடிந்து பூக்க ஆரம்பித்தால் சாயங்காலம் தெரு முனையில் திரும்பும்போதே வாசனை வந்துவிடும். விடிந்தால் நீளக் காம்போடு வெள்ளைப் பூ நடைபாதை முழுக்க உதிர்ந்து கிடக்கும். எதிர்ப்பக்கத்து வீட்டுப் பெண்கள் இறங்கி வந்து போட்டோ எடுப்பார்கள். ரெஜினா ஒரு பூவைக்கூடத் தலையில் வைத்துப் பார்த்ததில்லை. விளக்குமாறும் கையுமாக நின்று, "கூட்டிக் கூட்டி என்ற முதுகு போச்சுங்க்கா, இது மரமா சனியனா" என்பாள்.

மரமல்லிக் கிளை முருங்கை மாதிரி, காற்றடித்தால் படக்கென்று முறியும். ஒரு மே மாத மழையில் பெரிய கிளை ஒன்று அவளுடைய ஸ்கூட்டர் மேலேயே விழுந்து கண்ணாடி, லைட் எல்லாம் நொறுங்கியது. வெட்டிவிடலாமே என்று அப்போது முதலில் சொன்னவள் நான்தான். அவள் கேட்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து மழைக்கு முன்னால் ஆளைக் கூட்டி வந்து, அனுமதி வாங்கி, மேல் கிளைகளை மட்டும் கழித்துவிடுவாள். கீழே நின்று, "அதத் தொடாதீங்க, இதத் தொடாதீங்க" என்று அவர்களை ஒரு வழி பண்ணிவிடுவாள். தண்டில் ஒரு கீறல் விழக் கூடாது. அதற்கு ஒரே ஒரு காரணம்தான், அது ஆரோக்கியசாமி அண்ணன்.

அவர் இங்கே ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டராக இருந்தவர். சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார், ஷேவ் செய்ய மாட்டார். "இவரு உசுரோட இருக்கறாரு, ஆனா இல்லீங்க்கா" என்று ரெஜினா ஒரு நாள் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு அவளே அவரைக் கிளப்பினாள். முதல் மாதம் கையைப் பிடித்துக்கொண்டு பால் பூத்துக்குப் போய் வந்தார்கள். இரண்டாவது மாதம் அவள் பத்தடி பின்னால் வந்தாள். மூன்றாவது மாதம் அவர் தனியாகப் போனார். குச்சி, பால் பை, துவைத்து மடித்த சட்டை. போவது சுலபம், சுவரைப் பிடித்துக்கொண்டு முனை வரைக்கும் போய்விடலாம். திரும்பி வருவதுதான் கஷ்டம். எங்கள் தெருவில் எல்லா கேட்டும் ஒரே மாதிரி இரும்பு கேட்டு. நடைபாதையில் இன்றைக்கு இந்த இடத்தில் பைக் நிற்கும், நாளைக்கு அந்த இடத்தில் கார் நிற்கும். எண்ணிக்கொண்டு நடந்தாலும் கணக்குத் தப்பும். மரம் தப்பாது. பூக்கிற மாதங்களில் மூக்கு சொல்லிவிடும், மற்ற நாளில் கை. தக்கை மாதிரி வெடித்து வெடித்து இருக்கும் அந்தப் பட்டையில் உள்ளங்கையை வைத்துவிட்டு, இடது பக்கம் மூன்று எட்டு வைப்பார். கேட்டு.

நான் ஒரு நாள் அவர்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். மரத்தைத் தொட்டதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற மனுஷன் முகம். உள்ளே ஜன்னல் திரைக்குப் பின்னால் ரெஜினா நின்றிருந்தாள். அவர் கேட்டைத் திறந்ததும், அப்போதுதான் வருவதுபோல், "வந்துட்டீங்களா" என்று கேட்டாள். தினமும் அப்படித்தான் நின்றிருப்பாள், அவருக்குத் தெரியாமல்.

ரெஜினாவின் எதிர்வீட்டுக்காரர் பெயரை நான் எழுதப் போவதில்லை. உங்கள் எல்லாருக்கும் தெரியும். நம்ம ஆள், தமிழ்க்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயில், பார்த்தால் 'அக்கா அக்கா' என்று உருகுவார். பழைய வீட்டை இடித்துவிட்டு ஹெப்பாள் கம்பெனிகளுக்குப் போகிற பிள்ளைகளுக்காக நான்கு மாடி பி.ஜி. விடுதி கட்டினார். கார் திருப்ப இடம் பற்றவில்லை. கம்பெனி வண்டிகள் வந்து திரும்ப மரம் இடைஞ்சல். கிளை விழும், பாம்பு வரும், பூ வழுக்கும் என்று ஒரு வருஷம் பேசிப் பார்த்தார். ரெஜினா, "கிளையக் கழிச்சு உடறனுங்க, பூவக் கூட்டி உடறனுங்க, பாம்பு வந்தா என்னையக் கூப்புடுங்க" என்று முடித்துவிட்டாள்.

பிறகு ஒரு சனி, ஞாயிறு வந்தது. ரெஜினாவும் அண்ணனும் அவள் தம்பி மகன் கல்யாணத்துக்காக மார்டள்ளி போயிருந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் ஒரு கிளிப் அட்டையில் கன்னடக் காகிதம் ஒன்றை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கொடுத்தேன், சாப்பிட்டார்.

"ரோடு விஷயமா ஒரு லெட்டர்க்கா. கார்ப்பரேஷனுக்கு. எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்க மட்டும்தான் பாக்கி" என்றார்.

"ரெஜினா வந்துரட்டும் தம்பி, அவ ஒரு தடவ பாத்துரட்டும்."

"அட, இதுக்கு எதுக்குக்கா ரெஜினா சிஸ்டர்? நாளைக்குக் காலைல குடுக்கணும். லைட்டு, நடைபாதை எல்லாம்தான். நம்மள நாமளே சந்தேகப்பட்டா எப்படி?"

நானும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் என்ன நினைப்பாரோ என்று ஒரு கூச்சம். எனக்கு எழுத்து தெரியாது என்பதை அவர் முன்னால் காட்டிக்கொள்ள வேண்டுமே என்று இன்னொரு கூச்சம். அடுப்பில் எண்ணெய் வேறு காய்ந்துகொண்டிருந்தது. ஈரக் கையைத் துடைத்துவிட்டு, தமிழில், பெரிதாக, வசந்தா என்று போட்டேன். அந்தக் கை கூசவில்லை.

பத்து நாள் கழித்து மரத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ரெஜினா கண்ணாடி போட்டுப் படித்தாள். 'ஆபத்தான நிலையில் உள்ள மரம், பொதுமக்கள் கோரிக்கையின்படி அகற்றப்படும், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம்' என்று எங்களுக்குச் சொன்னாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "எந்தப் பொதுமக்கள்? எவன் கேட்டான்?" என்று தெருவில் நின்று கத்தினேன். இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவள் தன் கையாலேயே இரண்டு பக்கம் கன்னடத்தில் ஆட்சேப மனு எழுதி, பஸ் பிடித்து ஆபீசுக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வந்தாள். "குடுத்தனுங்க. பாக்கலாம்னாங்க" என்றாள். முகம் வெளிறி இருந்தது, வெயில் என்று நினைத்துக்கொண்டேன். "நானும் ஒரு மனு எழுதித் தர்றேன், இங்கிலீஷ்ல. நாளைக்கே போலாம்" என்றேன். "வேண்டாங்க்கா, உடுங்க" என்றாள். என் காலுக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

வெட்ட வந்த நாள் வியாழக்கிழமை. லாரி, கயிறு, மோட்டார் ரம்பம், ஐந்து பேர். ஒருவர் மரத்தில் ஏறி இரண்டு கிளையை இறக்கிவிட்டார். நான் செருப்புகூடப் போடாமல் ஓடி, தண்டுக்கு முன்னால் நின்றுகொண்டேன். "யாரக் கேட்டு வெட்றீங்க? முதல்ல பேப்பரக் காட்டு" என்று கன்னடத்தில் கத்தினேன். அவர்களோடு வந்த மேற்பார்வையாளர் சின்னப் பையன் இல்லை, நரைத்த மனுஷர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். பைலைத் திறந்து காட்டினார். "அம்மா, நிம்ம பீதியவரே சைன் மாடிதாரே" என்றார். உங்கள் தெருக்காரர்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே என்று கேட்கிறார். எழுத்து எனக்குப் படிக்க வரவில்லை. ஆனால் கீழே பதினொரு கையெழுத்து. பன்னிரண்டு வீட்டில் ஒரு வீடு மட்டும் இல்லை. கடைசியாக, எல்லாவற்றையும்விடப் பெரிதாக, வசந்தா.

திரும்பிப் பார்த்தேன். ரெஜினா கேட்டில் நின்றிருந்தாள், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு. அவர் தலையைச் சாய்த்து ரம்பச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "போதும் வசந்தாக்கா, வாங்க. வெயில்ல நிக்காதீங்க" என்றாள் ரெஜினா. அவள் நின்ற இடத்திலிருந்து அந்தக் காகிதம் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நகர்ந்தேன். அரை மணி நேரத்தில் மரத்தைச் சாய்த்துவிட்டார்கள். வெட்டிய கட்டையில் வேர்க்கன்று கிளம்பும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாளே அதன் மேல் கான்கிரீட் கொட்டி மட்டம் பண்ணிவிட்டார் எதிர்வீட்டுக்காரர்.

அடுத்த வாரம் அண்ணன் பால் பூத்திலிருந்து திரும்பும்போது வீட்டைத் தாண்டிப் போய்விட்டார். கை காற்றில் துழாவிக்கொண்டே போகிறது. நான்கு கேட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, தெருவைக் குறுக்கே கடந்து பி.ஜி. கேட்டுக்குள் நுழைந்துவிட்டார். புதிதாக வந்த வாட்ச்மேன், "ஏய், யாரு நீ, எங்கே போறே" என்று கன்னடத்தில் அதட்டி, தோளைப் பிடித்துத் தள்ளினான். பால் பாக்கெட் உடைந்து சட்டையெல்லாம் பால். ரெஜினா ஓடிப்போய்க் கூட்டி வந்தாள். "ஒரு கயிறு கட்டிக்கலாமே சிஸ்டர், முனையிலேர்ந்து வீடு வரைக்கும்" என்று யோசனை சொன்னவரும் உங்களில் ஒருவர்தான். மாட்டுக்குத்தான் கயிறு கட்டுவார்கள். அதற்குப் பிறகு அவர் தனியாகப் போகவில்லை. ரெஜினா கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள், கூட்டி வந்தாள். ஷேவ் செய்வதை நிறுத்திவிட்டார்.

இவ்வளவுக்கும் நடுவில் அவள் என் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. எனக்கு நரம்புக் கோளாறு, உள்ளங்கால் தீயாக எரியும். வாரத்துக்கு ஒரு வைட்டமின் ஊசி, அதைப் போடுவது அவள்தான். மரம் போன பிறகும் மூன்று செவ்வாய்க்கிழமை வந்தாள். மருந்தை மூன்று தடவை படித்தாள், உதட்டை அசைத்து. "கைய நீட்டுங்க" என்றாள். ஊசி ஏறும்போது, "ரெஜினா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "அப்புறமா சொல்லுங்க, இப்ப கைய ஆட்டாதீங்க" என்றாள். பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு, அண்ணனுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று போய்விட்டாள். அப்புறம் என்று ஒன்று வரவில்லை. மரம் போனதால்தான் அவள் செத்தாள் என்று நான் சொல்லப் போவதில்லை. அவளுக்கு ஏற்கெனவே இதயத்தில் அடைப்பு இருந்தது, அவளுக்கும் எனக்கும் தெரியும். பொய் எழுதினால் அவளுக்கே பிடிக்காது.

அடக்கம் முடிந்து வந்து பார்க்கிறேன், கான்கிரீட் போட்ட அதே இடத்தில் இரண்டு மூங்கில் நிறுத்தி ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். அவள் படம். அதைவிடப் பெரிதாகக் கீழே தெருச் சங்க நிர்வாகிகள் ஐந்து பேர் படம், கூப்பிய கையோடு. ஏழாம் நாள் பி.ஜி. கார் நிறுத்தும் இடத்தில் இரங்கல் கூட்டம். எதிர்வீட்டுக்காரர் மைக் பிடித்து, "சிஸ்டர் மரங்களை நேசித்தவர், இயற்கையை நேசித்தவர், அவர் நினைவாகப் பார்க்கில் ஒரு மரக்கன்று நடுவோம்" என்றார். கை தட்டினார்கள். நான் எழுந்தேன். "அவ மரத்த நேசிக்கல. கூட்டிக் கூட்டி முதுகு போச்சுன்னு திட்டுவா. அவ நேசிச்சது ஒரு மனுஷன. அந்த மனுஷன் வீடு வந்து சேர்றதுக்கு ஒரு மரம் வேணும்னு காவல் இருந்தா. பார்க்குல நட்டா அவரு பார்க்குக்கா போவாரு?" என்று கேட்டேன். காபி குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

அன்றைக்கே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மார்டள்ளியிலிருந்து வந்த ரெஜினாவின் தங்கை உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை.

"அண்ணா, அந்த லெட்டர்ல நானும் கையெழுத்து போட்டிருக்கேன். படிக்காமப் போட்டேன். ரெஜினாகிட்ட சொல்லணும்னு இருந்தேன், சொல்லல."

அவர், "தெரியுமுங்க சிஸ்டர்" என்றார். "மனுக் குடுக்கப் போன அன்னிக்கே ஆபீசுல அந்த லெட்டரக் காட்டிப்போட்டாங்க. வந்து என்கிட்ட எல்லார் பேரையும் சொன்னா. உங்க பேரச் சொல்றப்ப மட்டும் நிறுத்திச் சொன்னா."

என்னை ஏன் மனுக் கொடுக்க வேண்டாம் என்றாள் என்று அப்போதுதான் உறைத்தது. நான் கொடுத்திருந்தால், கேட்டவளும் நீ, தடுக்கிறவளும் நீயா என்று ஆபீசில் நாலு பேர் முன்னால் காகிதத்தை என் முகத்தில் நீட்டியிருப்பார்கள். "ஏன் என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல? ஒரு தடவ திட்டியிருந்தா என்ன?" என்று கத்தினேன், அந்த மனுஷனிடம் போய்.

"நானும் கேட்டனுங்க, அந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வான்னு. அதுக்கு அவ சொன்னா, வசந்தாக்கா படிக்காமப் போட்டிருப்பாங்க, கேட்டா வெக்கப்பட்டுட்டு ஊசிக்குக் கைய நீட்ட மாட்டாங்க, அப்புறம் காலு எரிஞ்சு கெடப்பாங்க, வேண்டாமுன்னா."

ரெஜினா, உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் அந்த எதிர்வீட்டுக்காரர் மேல்கூட இல்லை. நான் உன் புருஷனின் வழியைப் பிடுங்கினேன். நீ வந்து என் காலுக்கு ஊசி போட்டாய். மூன்று செவ்வாய்க்கிழமை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், ஒரு நாள் வராமல் இருந்திருக்கலாம். பெரிய மனுஷி மாதிரி வாயை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய். இனி நான் யாரிடம் போய்த் திட்டு வாங்குவது?

மற்றப் பத்துப் பேருக்கு ஒன்று சொல்கிறேன். உங்களில் சிலருக்குக் கன்னடம் படிக்கத் தெரியும், தெரிந்தே போட்டீர்கள். சிலர் என்னை மாதிரி. இரண்டு சாராரும் இன்றுவரை அண்ணன் வீட்டு வாசலில் ஏறவில்லை. ரெஜினா உங்கள் பெயரையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். நீங்கள் எதிரே வந்து 'குட் மார்னிங் அங்கிள்' என்று சொல்லும்போதெல்லாம் அவருக்கு யார் குரல் என்று தெரியும். போய்ச் சொல்லுங்கள். அவர் ஒன்றும் செய்ய மாட்டார், 'சரிங்க' என்பார். அதைக் கேட்டுவிட்டு வந்து உங்களால் தூங்க முடிகிறதா என்று பாருங்கள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று எழுதச் சொன்னார்கள். அவளுடைய பொறுமை எனக்கு வராது, வேண்டவும் வேண்டாம். நான் வைத்துக்கொண்டது அவள் பிடித்திருந்த கையை. காலை ஆறரைக்கு ஆரோக்கியசாமி அண்ணன் தன் கேட்டில் தயாராக நிற்பார், நான் போய் அந்தக் கையை எடுத்து என் தோளில் வைத்துக்கொள்வேன். பால் வாங்கித் திரும்பும்போது கான்கிரீட் போட்ட இடம் வந்ததும் அவர் கால் தானாக நிற்கும், தோளிலிருந்து கையை எடுத்து முன்னால் நீட்டுவார். நான் அந்தக் கைக்கு நேரே போய் நின்றுகொள்கிறேன்.